தலைமாட்டில் ஒரு சார்ஜர்

என் வண்டியின் பின்பக்கம், பிணத்தின் தலை வரும் இடத்துக்கு ஒரு சாண் மேலே, போன் சார்ஜ் போடுகிற பாயிண்ட் ஒன்று இருக்கிறது. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். மீதிப் பேர் துண்டை வாயில் வைத்துச் சிரிப்பை மறைத்துக்கொள்வார்கள். "செத்தவரு யாருக்கு போன் பண்ணப்போறாரு?" என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். நான் பதில் சொல்வதில்லை. சாவு வீட்டில் வண்டிக்காரன் வாயைத் திறந்தால் தொழில் நடக்காது.

என்னுடையது குட்டி லாரி. வாங்கியபோது காய்கறி மூட்டை ஏற்றலாம் என்றுதான் வாங்கினேன். அது சரிப்படாமல் போய், ஐஸ் பெட்டியும் பிண வண்டியுமாக மாறிப்போனது. காலையில் பெட்டியைக் கொண்டுபோய்ச் சாவு வீட்டில் இறக்குவேன். சாயங்காலம் அதே வண்டிக்குப் பூ அலங்காரம் செய்து, ஆளை ஏற்றிக்கொண்டு மயானத்துக்குப் போவேன். மந்தைவெளி, பட்டினப்பாக்கம், ராயப்பேட்டை, அடையாறு வரை என் சரகம். அழைப்புகளை எடுப்பது என் மனைவி. அழுதுகொண்டே பேசுகிறவர்களிடம் எந்தக் குரலில் பேசவேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். நான் எடுத்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்ட மாதிரி இருக்கிறது என்பாள். பொய்யில்லை.

சாவு விழுந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனில் சார்ஜ் தீரும். விடியற்காலையிலிருந்து ஊர் உறவுக்கெல்லாம் சொல்ல வேண்டும், வருகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டும், வராதவர்களின் சாக்கைக் கேட்க வேண்டும். ஹவுசிங் போர்டு வீடுகளில் கூடத்தில் ஒரு பிளக் இருக்கும். அதில் என் ஐஸ் பெட்டி ஓடும். அதைப் பிடுங்க எவனுக்கும் தைரியம் வராது. அதனால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் வண்டிக்கு வருவார்கள். ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த இரண்டு ஓட்டைகள் இருந்தன. அதில் சொருகிவிட்டு, ஏதோ குழந்தையைத் தூங்க வைத்த மாதிரி மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். சாவி போட்டு வைத்தால்தான் அது வேலை செய்யும். நான் பேட்டரி தீருமே என்று கணக்குப் பார்க்கிறவன். மனைவிதான், "போட்டு வையேன், இன்னா கொறஞ்சிடப்போவுது" என்பாள்.

அந்த அம்மாவின் புருஷன் செத்தது அப்படியொரு நாளில்தான். பட்டினப்பாக்கத்துக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. அந்த அம்மா கடற்கரையை ஒட்டிய சாலையில் மீன் விற்கிறவர். புருஷன் கடலுக்குப் போனவர், கடைசியில் நுரையீரல் கெட்டு வீட்டோடு கிடந்தவர். ஒரே மகன். வளைகுடாவில் யாரோ ஒரு அரபியின் மீன்பிடி போட்டில் வேலை. பாஸ்போர்ட் அரபியின் பெட்டியில். அப்பா செத்ததற்கு ஆறுதல் சொன்னார்களாம், விடுப்பு மட்டும் கொடுக்கவில்லை.

பெட்டியை மாடி ஏற்றி வைத்ததும் அந்த அம்மா என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"தம்பி, பொம்பளைங்க நாங்க சுடுகாட்டுக்கு வரமாட்டோம். எம்புள்ள போன்ல பாத்துக்கினே வருவான். கடசியா மொகத்த காட்டுவாங்கள்ல, அத்த அவன் பாத்துடணும். போன்ல சார்ஜ் நிக்காது. உன் வண்டில போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம்க்கா," என்றேன். அதிலென்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வண்டி கிளம்பியபோது அந்த அம்மாவின் தம்பி முன்னால் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். போனில் வயரைச் சொருகி, கேபினுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஜன்னல் வழியாக வீடியோவைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். திரையில் பேட்டரிப் படத்துக்குள் மின்னல் குறி எரிந்தது. எனக்கும் அது தெரிந்தது. மேளம் அடித்துக்கொண்டு, பூவை இறைத்துக்கொண்டு, சாந்தோம் நெடுக நத்தை வேகத்தில் போனோம். அந்தத் தம்பி அவ்வப்போது, "தெரியுதாடா? மாமா பிடிச்சிக்கினுதான் கீறேன்" என்று மகனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் இஞ்சின் சத்தமும் தேம்பலும் மாறி மாறிக் கேட்டன.

மயானத்தில் ஆளை இறக்கி, எரிக்கிற உலைக்கு முன்னால் வைத்தார்கள். அங்கே வேலை செய்கிறவர், "மொகம் பாக்கிறவங்க பாத்துக்கங்க" என்று வழக்கம்போலக் குரல் கொடுத்தார். முகத்தின் மேலிருந்த துணியை விலக்கினார்கள். தம்பி போனை வயரிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார். நாலு எட்டு வைத்திருப்பார். திரை கறுத்துப்போனது.

அவர் போனைத் தட்டினார், உதறினார், பக்கத்துப் பட்டனை அழுத்திப் பிடித்தார். காலிப் பேட்டரியின் படம் ஒன்று வந்து மறைந்தது. என்னிடம் திரும்ப ஓடிவந்து, "சார்ஜுலதானே இருந்துச்சி? மின்னல் காட்டிச்சே!" என்றார். மறுபடி சொருகினோம். உயிர் வர நேரம் பிடித்தது. அடுத்த வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. அவர்களுடைய மேளமும் சேர்ந்துகொண்டது. ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று எத்தனை முறைதான் கேட்பது? போன் திறந்துகொண்டபோது உலைக் கதவு மூடியாகிவிட்டது.

ஐஸ் பெட்டியை எடுக்க நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. கூடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் அதற்குள் பேசியிருக்கிறான். அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். அவர் திட்டவில்லை.

"தம்பி, போனு உன் வண்டியில போட்டுக்கினுதானே வந்துச்சி?" என்று மட்டும் கேட்டார். மெய்யாகவே புரியாமல் கேட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அம்மாவின் மேல் இல்லை. எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து, சார்ஜ் ஏறாத ஓட்டைக்குப் பக்கத்தில் சார்ஜர் படத்தை அச்சடித்து வைத்திருக்கிறான். அவன் மேல். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "மொத அந்த ஓட்டைய மாத்து" என்றாள்.

ஜி.பி. ரோட்டில் வண்டிச் சாமான் விற்கிற ஒரு பாய் கடையின் முன்னால் போய் நிறுத்தினேன். மத்தியான நேரம், வியாபாரம் மந்தம். பிண வண்டி வந்து கடை வாசலில் நின்றதும் பாய்க்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"நைனா, கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நிறுத்தேன்."

"வேலையே வண்டிலதான் பாய்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது பாட்டு கேக்க வெச்சது நைனா. பென்டிரைவ் சொருவ. கரண்ட்டு சொட்டு சொட்டாத்தான் வரும். வீடியோ வெச்சிகினு போனா, இது ஒரு பக்கம் ஊத்தும், அது ஒரு பக்கம் குடிச்சிடும். மின்னல் காட்டும், ஆனா உள்ள இறங்கிக்கினே இருக்கும்."

அப்படியானால் வேகமாக ஏறுகிற மாதிரி இரண்டு போடுங்கள் என்றேன். ஒன்று முன்னால், பழைய ஓட்டையிலேயே. இன்னொன்று பின்னால், தலைமாட்டில்.

"பொணத்துக்கு எதுக்கு நைனா சார்ஜரு?"

சொன்னேன். பாய் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவருடைய பெண்ணும் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறாளாம். அதற்கு மேல் விளையாட்டுப் பேச்சு பேசவில்லை.

ஆனாலும் ஒரு சண்டை வந்தது. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனில் கொடுப்பதுதான் முறை என்றார். நேரே பேட்டரியிலிருந்து கொடுத்தால் மறந்துபோய் விட்டுவிடுவாய், காலையில் வண்டி எழுந்திருக்காது, அப்புறம் பாயைத் திட்டுவாய் என்றார். என் வண்டி சாவி இல்லாமல் சாவு வீட்டு வாசலில் நாள் முழுக்க நிற்கிற வண்டி, எனக்கு நேரேதான் வேண்டும் என்றேன். கடைசியில் நடுவில் ஒரு சுவிட்ச் வைப்பது என்று முடிவானது. பழைய பாயிண்டை நெம்பி எடுத்தார். அதன் வயர் தலைமுடி மாதிரி மெலிசாக இருந்தது. அதை விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து தடியான சிவப்பு வயரை ஃபியூஸ் வைத்து இழுத்தார். பின்பக்கத் தகட்டில் வட்டமாக ஓட்டை போடுகிற மிஷினை வைத்தபோது சுடுகிற இரும்பின் வாசனை வந்தது. எத்தனையோ பேரின் தலைக்கு மேலே இருந்த தகடு அது. நானே கேட்டுப் போட்ட ஓட்டைதான், ஆனாலும் மிஷின் நிற்கும்வரை நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

போனை வைப்பதற்கு வளைகிற தண்டு போட்ட ஒரு பிடியையும் பக்கத்துக் கம்பியில் திருகிக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் இரண்டு பாயிண்டிலும் நீல வெளிச்சம் வந்தது. என் போனைச் சொருகினேன். பாய் டீ வரவழைத்துக் குடித்து முடிப்பதற்குள் பாதி ஏறிவிட்டது. வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன். அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எனக்குச் சந்தோஷம். சந்தோஷம்தான், இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்? வண்டியை வாங்கிய நாளுக்குப் பிறகு அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

"அந்தம்மாவாண்ட போய்க் காட்டிட்டு வந்துடு," என்றாள் மனைவி. காட்டி என்ன ஆகப்போகிறது, போனவர் திரும்பியா வரப்போகிறார் என்றேன். அவள் அதைக் காதில் வாங்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மா நெற்றியில் பொட்டில்லாமல், வழக்கமான இடத்தில், சங்கராவும் காரப்பொடியுமாக மீனைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கண்டதும் பக்கத்துக் கடைக்காரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார். மனைவி விவரத்தைச் சொன்னாள். தன் போனைக் கொடுத்தார். பின்னால் சொருகிக் காட்டினேன். எண் ஏறுவதை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். அப்புறம் நாங்கள் தடுப்பதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் ஏறிவிட்டார்.

"அக்கா, இறங்கு. உயிரோட கீறவங்க அங்க குந்தக்கூடாது," என்று மனைவி பதறினாள்.

"அடப் போடி. என்னிக்கின்னாலும் வரப்போற எடந்தானே?"

தலை வருகிற பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகனுக்கு வீடியோ போட்டார். போனைப் பிடியில் வைத்து, தண்டை இப்படியும் அப்படியும் வளைத்தார்.

"டேய், தெரியுதா? இன்னும் கொஞ்சம் தூக்கணுமா? இப்ப? மூஞ்சி ஃபுல்லா தெரியுதா?"

"தெரியுதும்மா. நீ எங்க கீற? இன்னா வண்டி இது?"

"ஒண்ணுமில்லடா. சும்மா."

இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். கையில் மீன் வாடை. "எனக்கும் உன் வண்டிதான் தம்பி. வேற எவனாச்சும் வந்தா எறங்கி நடந்துடுவேன்," என்றார். மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். புருஷன் போனபிறகு அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று பக்கத்துக் கடைக்காரி பிறகு சொன்னாள். ஒரு முழு சங்கரா மீனைக் காகிதத்தில் சுற்றி மனைவியிடம் கொடுத்தார். பிண வண்டியில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது நாங்களாகத்தான் இருப்போம்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகள். தலைமாட்டு பாயிண்டில் எத்தனையோ போன்கள். அமெரிக்காவிலிருந்து பார்த்தார்கள், பெங்களூரிலிருந்து பார்த்தார்கள், அடையாறிலேயே இருந்துகொண்டு டிராபிக் என்று சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. ஒரு போன்கூட நடுவில் அணையவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மீன்கார அம்மாவின் முகம்தான் வரும்.

மழைக்காலத்தில் அந்தக் குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பேசினாள். மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றில் கட்டியாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து, முடியாது என்று சொல்லி அனுப்பி, வீட்டில் கொஞ்ச நாள் கிடந்திருக்கிறார். நாங்கள் யாருமே கேள்விப்படவில்லை.

"உங்க வண்டிதான் வரணும்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடிச்சி," என்றாளாம் அந்தப் பெண்.

மகன் அப்போதும் வரவில்லை. கொள்ளி வைத்தது அந்த அம்மாவின் தம்பிதான். எனக்கு மகன் மேல் கோபம். அப்பனுக்கு வரவில்லை, சரி, அரபி விடவில்லை. பெற்றவள் வாரக்கணக்கில் கிடந்தாளே, அப்போதுகூடவா வழி தெரியவில்லை? வண்டியை அலங்கரித்துக்கொண்டே மனதுக்குள் அவனைத் திட்டித் தீர்த்தேன். மரிக்கொழுந்தைக் கட்டும்போது விரலில் கம்பி குத்தியது, அதற்கும் அவனைத்தான் திட்டினேன்.

அந்த அம்மாவின் போனைத் தலைமாட்டில் சொருகினேன். அவரே வளைத்துப் பார்த்த அதே தண்டு. போனில் மகன். கரகரப்பான தாடி, சிவந்த கண்கள், பின்னால் நீல வண்ணம் அடித்த இரும்புச் சுவர். வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மழை தூறியது. பிளாஸ்டிக் தாளைப் போட்டு போனை மூடினோம். மயானத்தில் போனைக் கழற்றி என் கையிலேயே எடுத்துக்கொண்டேன். "மொகம் பாக்கிறவங்க பாத்துக்கங்க" என்று குரல் வந்ததும், முன்னால் போய்க் குனிந்து, அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். நன்றாகக் காட்டினேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. நெற்றி, மூடிய கண்கள், மூக்குத்தி கழற்றிய இடம், எல்லாம் தெரிந்திருக்கும். கதவு திறந்ததையும் மூடியதையும் அவன் பார்த்தான். பேட்டரி தாங்கியது. நான் செய்ய நினைத்ததைச் செய்து முடித்துவிட்டேன்.

எல்லாரும் குளிக்கப் போய்விட்டார்கள். போனை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. கேபினில் ஏறி, முன்பக்க பாயிண்டில் சொருகி, "தம்பி, கட் பண்ணட்டுமா?" என்றேன்.

"வேணாண்ணா," என்றான். அதுதான் அவன் பேசிய முதல் பேச்சு. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினான். "நல்லாத் தெரிஞ்சிச்சிண்ணா. அம்மா சொன்ன மாதிரியே."

"இன்னா சொன்னாங்க?"

"அம்மா படுத்தப்பவே நான் கெளம்பிட்டேண்ணா. அரபி கால்ல உயுந்து பாஸ்போர்ட்ட வாங்கிட்டேன். டிக்கெட்டுகூட எடுத்துட்டேன். அம்மாதான் வேணான்னுச்சி. இப்ப வந்தா திரும்ப வேலைக்கி எடுக்கமாட்டான், நீ காண்ட்ராக்ட்ட முடிச்சிட்டே வாடான்னுச்சி. நான் கேக்கல. அப்பத்தான், 'அந்த வண்டிக்காரு புதுசா நல்ல சார்ஜரு போட்டுக்கினுக்கீறாரு, நானே ஏறிக் குந்திப் பாத்துட்டேன், நீ அங்கேந்தே எல்லாம் பாத்துக்கலாம்'னுச்சி. சரின்னுட்டேண்ணா. டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்."

நீல வெளிச்சம் எரிகிற அந்த ஓட்டையைப் பெயர்த்து ரோட்டில் வீச வேண்டும்போல இருந்தது. அதில் சொருகிய போனில்தான் அவன் இருந்தான்.

குடியிருப்புக்கு வண்டியை விட்டேன். போனை ரோடு தெரிகிற மாதிரி திருப்பி வைக்கச் சொன்னான். மழையில் சாந்தோம் போனது, மீன் கடைகள் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது, அவன் அம்மா உட்காருகிற இடம் வெறும் ஈரமாகக் கிடந்தது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தான். கட்டடத்தின் கீழே நிறுத்தினேன். மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஏற்றி வைத்த விளக்காக இருக்கும். போனை அவளிடம் கொடுத்துவிட்டு, பெட்டியை இறக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"அண்ணா," என்றான் அவன். "வண்டியிலேந்து எடுத்தா இந்த போன் எவ்ளோ நேரம் தாங்கும்?"

"கொஞ்ச நேரம்தான் தம்பி. கால் மணி தாங்கினா பெரிசு."

"சரிண்ணா," என்றான். ஆனால் கட் பண்ணவில்லை. பாக்கெட்டில் என் போன் அடித்தது. மனைவிதான். கோபாலபுரத்தில் ஒரு வீட்டிலிருந்து வண்டி கேட்டிருப்பார்கள். நான் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தேன். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூன்றாவது மாடி தெரிகிற மாதிரி போனைச் சரிசெய்து வைத்தேன். பேட்டரியிலிருந்து நேரே இழுத்த வயர், சாவி இல்லாமலே வேலை செய்யும். அவனாகக் கட் பண்ணும்வரை வண்டியைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.